பதில் சொல்ல ஆளில்லாத கவி

நடந்து முடிந்த நிகழ்ச்சிக்கு விமர்சனம் எழுதுவதுதான் வழக்கம். நான் இன்னும் நடக்காத நிகழ்ச்சியைப் பற்றி எழுதுகிறேன். நடந்து முடிந்த பிறகு எழுதினால் அது பாராட்டாகவோ குறையாகவோ நின்றுவிடும். இப்போது எழுதினால் ஏதாவது மாறலாம். கிழக்குக் கரையில் ஓர் ஊரில், நூற்றைம்பது கதிரை கொள்ளும் சிறிய மண்டபம் ஒன்றில், வருகிற மாதங்களில் நான்கு மாலைகள் கிராமிய இசை நடக்க இருக்கிறது. நிகழ்ச்சிநிரல் கைக்கு வந்திருக்கிறது. முதல் மாலை நாட்டார் கவி. இரண்டாவது பொல்லடி. மூன்றாவது பக்கீர் பைத். கடைசி மாலை தாலாட்டு. ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. பெயரை மட்டும் மாற்றி இதே நிரலைப் பொத்துவிலிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் அச்சடித்தாலும் வித்தியாசம் தெரியாது என்பதுதான் காரணம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மண்டபம் சிறியது என்பதே பெரிய விசயம். இதுவரை நம்மட நாட்டார் கலைகளுக்குக் கிடைத்த மேடைகள் இரண்டு வகை. ஒன்று விழா மேடை. மைதானம், பத்து ஒலிபெருக்கி, அதிதி வரும்வரை வெயிலில் நிற்கிற பொல்லடிக்காரர். அதிதிக்கு முன்னால் அடித்துக்கொண்டு போவதற்கென்றே உண்டான கலை பொல்லடி என்று ஒரு தலைமுறைப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மற்றது போட்டி மேடை. குறித்த நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், மணி அடித்தால் இறங்க வேண்டும். இரண்டிலும் பாட்டைக் கேட்க என்று வந்தவர் யாருமில்லை. ஒன்றில் அதிதியைப் பார்க்க வருகிறார்கள், மற்றதில் முடிவைக் கேட்க வருகிறார்கள். பாட்டைக் கேட்பதற்காகவே நூறு பேர் ஒரு மாலை வந்து உட்காரப்போகிறார்கள் என்றால் அது சந்தோசப்பட வேண்டிய காரியம்.

ஆனால் முதல் மாலையின் விபரத்தைப் பாருங்கள். ஆறு இளைஞர்கள் பாடுகிறார்கள். பக்கவாத்தியம் ஓகன், தபேலா, றபான். தெரிந்தெடுத்த இருபது கவிகள். பாடகர்கள் சாரன், கைபெனியன், தலைப்பாகையோடு தோன்றுவார்கள், மேடையில் களவெட்டிக் காட்சி அமைக்கப்படும் என்றும் போட்டிருக்கிறது. வைக்கோல் எங்கிருந்தாவது வந்துவிடும். கவி வருமா என்பதுதான் என் கேள்வி.

கவி என்பது என்ன? நாலு சின்ன அடி. முதலாம் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் எதுகை. வாத்தியம் கிடையாது. தாளம் என்று கைதட்டி எண்ணக்கூடியதும் கிடையாது. மூச்சு எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் இழுத்து, முடிவில் விட்டுவிடுகிற ஓசை. எங்கள் பக்கம் கவி பாடுகிறது என்று சொல்வதே குறைவு. கவி படிக்கிறது என்போம், கவி சொல்லுறது என்போம். அந்தச் 'சொல்லுறது' என்ற வினையில் எல்லாம் இருக்கிறது. சொல்வதென்றால் ஒரு ஆளுக்குச் சொல்ல வேண்டும். அந்த ஆள் கேட்டுவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். வேளாண்மைக் காவலுக்குப் பரணில் இருக்கிறவன் ராவையில் ஒரு கவியை எடுத்து விட்டால், அடுத்த வட்டைப் பரணில் இருக்கிறவன் அதற்கு இன்னொன்றை எடுத்து விடுவான். நித்திரை வராமலிருக்கவும், யானையோ பன்றியோ வந்தால் ஆள் இருக்கிறது என்று தெரியவும், மற்றவன் இன்னும் விழித்திருக்கிறானா என்று அறியவும் அதுதான் வழி. வண்டில்காரர் வரிசையாகப் போகும்போது முன்வண்டிலும் பின்வண்டிலும் பேசிக்கொண்டதும் இப்படித்தான். மச்சானும் மச்சியும் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்ட கவிகள் எல்லாவற்றிலும் கேள்வி இருக்கும், விடை இருக்கும், விடைக்கு ஒரு குத்தல் இருக்கும்.

கிழக்கில் எல்லாருக்கும் தெரிந்த கவி ஒன்று. கச்சான் காற்று அடித்து ஓய்ந்த பிறகு காட்டில் எஞ்சி நிற்கிற மரங்களை, பெண் கேட்டு வந்த ஒரு கிழ மாப்பிள்ளையின் தலையில் எஞ்சியிருக்கிற மயிருக்கு உவமையாக்குவது. அதைச் சொல்லும்போது இன்றைக்கும் சிரிக்காத ஆள் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால், அது உவமையிலிருந்து மட்டும் வரவில்லை. அதற்கு முன்னால் யாரோ ஒருவர் 'நல்ல இடம், காணி பூமி இருக்கு, சம்மதிச்சிடு புள்ள' என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த வாய்க்குக் கொடுத்த பதில் அது. கேள்வி காற்றோடு போய்விட்டது, பதில் மட்டும் புத்தகத்துக்கு வந்துவிட்டது. நாம் அதைத் தனிக்கவிதை என்று வகுப்பில் படிப்பிக்கிறோம்.

இங்கே எங்கள் துறைக்காரரையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தமிழ் சிறப்புப் பட்டம் எடுத்த ஆளின் கையில் ஒரு கவியைக் கொடுத்தால் அவர் முதலில் திணையைத் தேடுவார். பிறகு குறுந்தொகையில் ஒப்புமை காட்டுவார். தலைவி, தோழி, உள்ளுறை என்று போவார். அதெல்லாம் பொருத்தம்தான், வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கவியின் ஓசையை ஒரு தரம் எடுத்துக் காட்டுங்கள் என்றால் அநேகம் பேருக்கு வராது. வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' ஒரு பெரிய சேவை. நிந்தவூர் எஸ். முத்துமீரான் ஊர் ஊராகத் திரிந்து முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைச் சேர்த்தது அதைப் போலவே பெரிய சேவை. அவர்கள் இல்லாவிட்டால் இன்றைக்குச் சொல்லும் இருந்திருக்காது. ஆனால் அச்சுப் புத்தகம் சொல்லைத்தான் காப்பாற்றும். ஓசையைக் காப்பாற்றும் வேலை ஆட்களிடம் விடப்பட்டிருந்தது. அந்த ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26இல் கடலோர ஊர்களில் கிழவன் கிழவியென்று எத்தனை பேரைக் கடல் கொண்டுபோனது! அவர்களோடு என்னென்ன போனது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. வயலுக்குள் வெட்டு மெசின் வந்த பிறகு களவெட்டியே இல்லை. சூடு அடிக்கிறது என்றால் என்னவென்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கப்படுத்த ஒரு பாடவேளை போகிறது. அந்தக் களத்திலே நெல்லையும் மாட்டையும் மற்றச் சாமான்களையும் சாதாரணப் பெயரால் சொல்லாமல் களத்துக்கென்று வேறு சொல் வைத்திருந்தார்கள் என்பதைப் பிள்ளைகள் கதை கேட்பது போலக் கேட்கிறார்கள்.

ஆகவே அந்த ஆறு இளைஞர்களும் இருபது கவிகளையும் புத்தகத்திலிருந்துதான் எடுக்கப்போகிறார்கள். ஓசை தெரியாத இடத்தில் ஓகன்காரர் ஒரு மெட்டுப் போடுவார். அது எங்கள் காதில் ஏற்கனவே இருக்கிற மெட்டாகத்தான் இருக்கும். முஸ்லிம் பாட்டு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நம்மட காதைப் பழக்கியது கவி அல்ல, நாகூர் ஹனிபாவின் இசைத்தட்டு. கலியாண வீட்டு ஒலிபெருக்கியிலும் வானொலியிலும் கேட்டுக் கேட்டு ஊறிப்போன அந்தக் குரலை நான் குறைவாகச் சொல்லவில்லை, அந்தக் கம்பீரம் இன்னொருவருக்கு வராது. ஆனால் அது மேடைக்கென்றே பிறந்த பாட்டு. கவியை அந்த அச்சில் வார்த்தால் தபேலா நாலுக்கு நாலு அடிக்கும், இழுக்க வேண்டிய இடத்தில் இழுக்க முடியாது, ஆறு பேரும் ஒன்றாகப் பாடுவார்கள். ஆறு பேர் ஒன்றாகச் சொல்வது கவியல்ல. யார் யாருக்குச் சொல்கிறார்?

பழையதை மேடைக்குக் கொண்டுவரவே கூடாது என்று நான் வாதிடவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1960களில் மட்டக்களப்புக் கூத்தை எடுத்து 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று மேடையேற்றியபோது விடிய விடிய ஆடிய கூத்து ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குள் வந்தது. வட்டக்களரி போய்ப் படச்சட்ட மேடை வந்தது. அதனால்தான் படித்தவர்கள் கூத்தைத் திரும்பிப் பார்த்தார்கள் என்பதும் உண்மை. சுற்றியிருந்து பார்த்த ஊர் ஒரு பக்கமாக ஒதுங்கிப்போனது என்பதும் உண்மை. பின்னாளில் சி. ஜெயசங்கரும் சீலாமுனைக் கூத்தரும் கூத்தை ஊருக்குள்ளேயே வைத்து, ஊராரோடு இருந்து பேசித் திருத்தி ஆடியது அந்த இரண்டாவது உண்மைக்குச் சொன்ன பதில். கூத்துக்காரர் இந்த வாதத்தை ஐம்பது அறுபது வருடமாக நடத்துகிறார்கள். கவிக்கு அப்படி ஒரு வாதம் நடக்கவேயில்லை. நேரே ஓகனுக்குப் போய்விட்டோம்.

வெளிநாட்டில் என்ன செய்தார்கள் என்று பார்ப்பதில் தவறில்லை. இங்கிலாந்தில் 1950களிலும் 60களிலும் நாட்டார் பாடல் கழகங்கள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. பெரும்பாலும் மதுக்கடைகளின் மேல்மாடி அறைகள். (இடத்தை விடுங்கள், முறையைப் பாருங்கள்.) அறை சிறியது, அநேகமான இடங்களில் மைக் கிடையாது. அழைக்கப்பட்ட பாடகர் வருவதற்கு முன்னும் இடையிலும், கேட்க வந்தவர்களில் யாராவது எழும்பி ஒன்றிரண்டு பாட்டுப் படிப்பார்கள். அது கழகத்தின் வழமை, விசேடமல்ல. இன்றைக்குக் கேட்கிறவன் அடுத்த கிழமை பாடுவான். கூட்டுப்பல்லவி வந்தால் அறை முழுதும் சேரும். லண்டனில் யூவன் மெக்கோல் என்ற பாடகரும் அவரோடிருந்தவர்களும் நடத்திய கழகத்தில் ஒரு விதியும் இருந்தது. மேடைக்கு வருகிறவர் தன் சொந்த மொழியில், தன் சொந்த மரபில் உள்ள பாட்டைத்தான் பாட வேண்டும். லண்டன்காரர் ஒருவர் அமெரிக்கச் சிறைக் கைதிகளின் பாட்டைத் தன் லண்டன் உச்சரிப்பில் பாடியதைக் கேட்டு, கூட இருந்த அமெரிக்கப் பாடகி பெகி சீகருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அங்கேதான் இந்த விதிக்கு வித்து விழுந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். விதி கடுமையானது என்று அன்றைக்கே சண்டை நடந்தது. மெக்கோலே இங்கிலாந்தின் சோல்ஃபோர்டில் பிறந்து, தாய்தகப்பனின் ஸ்கொட்லாந்துப் பாட்டைப் பாடியவர்தானே என்று கேலி செய்தவர்களும் உண்டு. எனக்கும் அந்த விதியில் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் அதன் பயனை மறுக்க முடியாது. நம் ஊரில் என்ன பாட்டு இருந்தது என்று ஒவ்வொருவரும் தன் வீட்டைத் திரும்பிப் பார்க்கும்படி அது செய்தது. நமது மண்டபத்துக்கு அந்த விதி வேண்டாம். கேட்க வந்தவரும் பாடலாம் என்ற வழமை வேண்டும். முன்வரிசையில் இருக்கிற ஒரு அறுபது வயது முன்னாள் வண்டில்காரர், 'தம்பி, அது அப்பிடி இல்ல' என்று எழும்பி ஒரு கவியை எடுத்துவிட்டால் அன்றைய மாலை வெற்றி. நிகழ்ச்சிநிரலில் அதற்கு இடமில்லை. நன்றியுரைக்கு இடமிருக்கிறது.

உடுப்பு விசயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் லெட்பெல்லி என்று பெயர்பெற்ற கறுப்பினப் பாடகர் ஹடி லெட்பெட்டரை, 1933இல் லூசியானாவின் அங்கோலா சிறையில் வைத்து ஜோன் லோமாக்ஸ் ஒலிப்பதிவு செய்தார். விடுதலையான பிறகு அவரைப் பெருநகரங்களுக்குக் கொண்டுபோனார்கள். 1935இல் எடுத்த செய்திப்படத்தில் அவருக்குச் சிறை உடுப்பைப் போட்டு, சிறையிலிருந்த கதையையே நடிக்க வைத்தார்கள். அந்த மனிதர் தன்பாட்டில் உடுத்தும்போது கோட்டும் டையும் உடுத்துகிறவர். பாட்டை மெச்சியவர்கள் ஆளைக் காட்சிப்பொருளாக்கினார்கள், வருமானத்தில் பெரும்பங்கையும் எடுத்துக்கொண்டார்கள். நம்மட மண்டபத்துக்காரர் அப்படிப்பட்ட ஆட்கள் அல்ல. ஆனாலும் வங்கியில் வேலை செய்கிற பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டி, கையில் மண்வெட்டியைக் கொடுத்து, வைக்கோல் மேல் நிறுத்தும்போது சபைக்கு என்ன சொல்கிறோம்? கவி செத்துவிட்டது, இது அதன் உருவப்படம் என்றுதானே. அந்தப் பிள்ளை அலுவலக உடுப்போடு வந்து, தன் மூத்தப்பாவிடம் கேட்ட இரண்டே இரண்டு கவியைச் சொன்னால் போதும். அதற்குள் அவன் தானாக ஒன்று கட்டினால் இன்னும் நல்லது. கவி கட்டுகிற வாய் இன்னும் இருக்கிறது. பஸ்ஸுக்குள்ளும் கிரிக்கெட் மைதானத்திலும் நம்மட பொடியன்கள் எதுகையோடு ஒருவரையொருவர் நக்கலடிப்பதைக் கேட்டவர்களுக்கு இது தெரியும்.

இந்த நிரலில் மிகப் பெரிய குறை, பெண் இல்லை என்பது. நான்கு மாலைகளில் ஒரு பெண்பெயர் கிடையாது. தாலாட்டுக்கும் 'இசைக்குழு' என்றுதான் போட்டிருக்கிறது. நிகழ்ச்சி அமைத்தவர்களைக் கேட்டால் சொல்லப்போகிற பதில் எனக்குத் தெரியும்: நம்மட பெண்கள் மேடைக்கு வர மாட்டார்கள், வரச் சொன்னால் ஊரில் கதை வரும், பள்ளிவாசலில் இருந்து ஆள் வரும். அந்தப் பதிலை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் கவிகளை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழப் பாதி பெண் சொல்வது. மச்சான் வரவில்லை என்று பெண் சொல்வது, மாமி கண்ணில் கோபம் என்று பெண் சொல்வது, கிழவன் வேண்டாம் என்று பெண் சொல்வது. பெண் வாயே இல்லாமல் அவற்றை ஆறு ஆண்கள் மீசையோடு நின்று பாடினால் ஒன்றில் அது பகிடியாகும், அல்லது அப்படிப்பட்ட கவிகளைத் தள்ளிவிட்டு ஒற்றுமை, கல்வி, சீதன ஒழிப்பு என்று புதிதாகச் செய்தவற்றைச் சேர்க்க வேண்டி வரும். 'தெரிந்தெடுத்த இருபது' என்பதில் எனக்குள்ள பயம் அதுதான். சீதனத்தை ஒழிக்க வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் தனக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று ஒரு பெண் வெட்கப்படாமல் சொன்ன சொல் நம்மட இலக்கியத்தில் வேறெங்கே இருக்கிறது? புலவர்கள் எழுதிய படைப்போர்களிலும் கிஸ்ஸாக்களிலும் பெண் பேசினால் அது புலவர் பேச்சு. கவியில்தான் எழுத்தறியாத ஒரு பெண் தன் வாயால் பேசியிருக்கிறாள். அதைக் கழுவித் துடைத்து மேடையேற்றினால், மேடையேறாமல் இருந்ததை விட நட்டம் கூட.

வழி இல்லாமலில்லை. கலியாண வீட்டில் குரவை இடுகிற பெண்கள் ஆண்களின் முன்னால் நின்றா இடுகிறார்கள்? பாய் இழைக்கும்போதும் நெல்லுக் குத்தும்போதும் பிள்ளையை ஆட்டும்போதும் அவர்கள் படித்தது தங்களுக்குள்ளேதான். ஆகவே அந்தக் கடைசி மாலையைப் பெண்களுக்கே விட்டுவிடலாம். பாடுவதும் பெண், கேட்பதும் பெண். வாசலில் நிற்பதும் பெண்ணாக இருக்கட்டும். நமக்கு அழைப்பு வேண்டாம். வந்த உம்மம்மாமாருக்குப் பக்கத்தில் பேத்திமாரை உட்கார வையுங்கள். அவர்கள் சம்மதித்தால் பதிவு செய்யட்டும், சம்மதிக்காவிட்டால் விடட்டும். 'இவட உம்மம்மா மச்சானுக்குக் கவி படிச்சவ' என்று ஊரில் கதை வரும் என்ற பயத்தில் எத்தனையோ கிழவிகள் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே எந்தக் கவி யாருடையது என்று வெளியே சொல்லாமலிருப்பதும் அவர்களுக்குச் செய்யும் மரியாதைதான்.

பக்கீர் பைத் பற்றி எழுதும்போது மார்க்கப் பிரச்சினையைத் தொடாமல் போக முடியாது. இசைக்கருவி பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்க்கும் தகுதி எனக்கில்லை. பெருநாள் தினத்தில் நபியவர்களின் வீட்டில் இரண்டு சிறுமிகள் பாட, அபூபக்கர் (ரலி) அவர்கள் தடுக்க முனைந்தபோது, விட்டுவிடும்படி நபியவர்கள் சொன்ன சம்பவம் புகாரியில் இருக்கிறது என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். என் பிரச்சினை வேறு. றமழான் ராவையில் ஸஹருக்கு எழுப்ப றபானோடு வந்த பாவாவைக் கேட்டு வளர்ந்த நமக்கு, அந்தப் பைத்தின் இடம் இருட்டும் ஒழுங்கையும். அவர் பாடினார், நாம் எழும்பினோம், உம்மா விளக்கைக் கொளுத்தினா. அதுதான் அவருக்குக் கிடைத்த பதில். பெருநாளைக்கு அவருக்கு ஏதாவது கொடுப்போம், அது இரண்டாவது பதில். கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்திலும் ஜெய்லானியிலும் றாத்திபு நடத்துகிற பாவாமார் அதை இபாதத்தாகச் செய்கிறார்கள். ஒப்பினாலும் ஒப்பாவிட்டாலும் அது கச்சேரி அல்ல. மண்டபத்தில் மூன்றாம் மாலை அதை நாற்பத்தைந்து நிமிடம் வைத்து, முடிவில் கைதட்டினால், எதிர்க்கிறவர்களுக்கும் மரியாதையில்லை, செய்கிறவர்களுக்கும் மரியாதையில்லை. பைத்தை மட்டும் ஒரு பாவா உட்கார்ந்து சொல்லி, அதன் சொற்களை ஒருவர் விளக்கி, கேட்டுத் தெரிந்துகொள்கிற ஒரு இருப்பாக வைத்தால் போதும்.

பொல்லடிக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. அண்ணாவியார் பாட, சுற்றி நிற்பவர்கள் பொல்லால் விடை சொல்ல, எதிரெதிரே நிற்கிற இருவரின் பொல்லு ஒன்றையொன்று சந்திக்க, அந்தக் கலைக்குள்ளேயே பதில் இருக்கிறது. மேடையில் ஏற்றாமல் மண்டபத்தின் நடுத்தரையில் விட்டால் போதும். ஒன்று மட்டும்: அண்ணாவியாரின் பாட்டு விளங்க வேண்டும். பொல்லுச் சத்தத்தை மைக்கில் பிடித்துவிட்டுப் பாட்டை விட்டுவிடுகிறார்கள்.

நிகழ்ச்சிநிரலின் மேற்பகுதியில் 'முஸ்லிம் கிராமிய இசை' என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. பொல்லடிக்கும் பைத்துக்கும் அது சரி. கவிக்கு எவ்வளவு சரி? ஒரே கவி ஒரு ஊரில் முஸ்லிம் பெண்ணின் வாயிலும் பக்கத்து ஊரில் தமிழ்ப் பெண்ணின் வாயிலும் இருக்கும், பெயர் மட்டும் மாறியிருக்கும். போடியார் ஒரு சமூகம், வேலைக்கு வந்தவர் மற்றச் சமூகம், பரண்கள் அடுத்தடுத்து. அடுத்த பரணிலிருந்து வந்த பதில் எந்த ஊர்க்காரனுடையது என்று யார் கேட்டார்கள்? 1985க்குப் பிறகும் 1990க்குப் பிறகும் கேட்க வேண்டி வந்தது. வட்டைக்கே போக முடியாமல் காணிகள் தரிசாகக் கிடந்த வருடங்களில் கவிக்கு முதலில் அற்றுப்போனது அந்த எதிர்க்குரல்தான். நம்முடையது என்று உரிமை கொண்டாடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, உரிமை கொண்டாடாததால் நாம் நிறைய இழந்திருக்கிறோம். ஆனால் முதல் மாலைக்கு அக்கம்பக்கத்துத் தமிழ்க் கிராமத்திலிருந்து கவி தெரிந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு எதிர்ப்பக்கத்தில் உட்கார வைத்தால் என்ன? நம்மவர் ஒன்றைச் சொல்ல, அவர்கள் பதிலைச் சொல்லட்டும். யார் வெல்லுகிறார் என்று பார்ப்போம். கவியில் அந்தப் போட்டி எப்போதும் இருந்ததுதான், அதற்கு நடுவர் தேவைப்படவில்லை.

காசு விசயம் ஒன்று பாக்கி. நுழைவுச்சீட்டு உண்டு என்று நிரலில் இருக்கிறது. நல்லது, இலவசமாகக் கொடுப்பதை நாம் இலவசமாகவே மதிக்கிறோம். ஒலியமைப்புக்காரருக்கும் ஓகன்காரருக்கும் கூலி உண்டு. அண்ணாவியாருக்கும் பாவாவுக்கும் பொன்னாடை. பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போகிற கலைஞரை நம்மில் எல்லாரும் கண்டிருக்கிறோம். ஓகனை நிறுத்தினால் மிஞ்சுகிற காசை அவர்களுக்குக் கொடுக்கலாம், பாட்டுக்கும் நல்லது.

இவற்றையெல்லாம் மண்டபத்தாருக்குக் கடிதமாகவும் எழுதி அனுப்பியிருக்கிறேன். கதிரைகளை மேடையை நோக்கி வரிசையாகப் போடாமல் வட்டமாகப் போடுங்கள், நடுவில் இரண்டு பாயை விரித்துவிடுங்கள் என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறேன். கதிரைகள் நிலத்தோடு சேர்த்து ஆணி அடித்தவை என்று ஒரு நண்பர் சொல்கிறார். அப்படியானால் முன்னால் இருக்கிற வெற்று இடம் போதும், பாயை அங்கே விரிக்கலாம். முதல் மாலைக்கு இரண்டு சீட்டு எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று எனக்கு. மற்றது எங்கள் தெருவில் இருக்கிற, வண்டில் விட்ட காலத்தை ஞாபகம் வைத்திருக்கிற ஒரு மனிதருக்கு. 'பொடியன்மார் சொல்ல விடுவானுகளா?' என்று கேட்கிறார்.